அத்தான் வீட்டு சார்ஜிங் பெட்டி

குடும்பத்தில் அவளுக்கு வாய்த்த பட்டப்பெயர் நீள ஒயர். வைத்தவர் அக்காவின் கணவர். அவள் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கூடத்திலிருந்து அத்தானின் குரல் வந்துவிடும்: "வந்தாச்சு நம்ம நீள ஒயர்." பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் சிரிப்பார்கள், அவளைக் கட்டிக்கொண்டவரும் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது ஒவ்வொரு தட்டையும் அத்தானின் முகமாக நினைத்துத் தேய்ப்பாள். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலத்தில் தேய்க்க ஆரம்பித்தது. அந்த மகள் இப்போது உயரத்தில் அவளை எட்டிப் பிடித்துவிட்டாள், தேய்ப்பது நிற்கவில்லை. கோபத்தை மறந்துவிடு, உடம்புக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு யாரும் பட்டப்பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

அவள் வேலை செய்யும் இடத்தில் வேறு பட்டப்பெயர். அங்கே அவள் கொலைகாரி அக்கா. அது அவளுக்குப் பிடிக்கும்.

சலவைக் கடைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில், வெளியே பெரிய பலகை ஏதும் இல்லாத ஒரு பரிசோதனைக் கூடம். போன் சார்ஜ் செய்யும் பெட்டிகள் சந்தைக்குப் போவதற்கு முன் அங்கே வந்து அடி வாங்கிவிட்டுப் போகும். பஸ் இருக்கையிலும் காத்திருப்பு அறை நாற்காலியிலும் பதித்திருக்கும் யுஎஸ்பி துளை இருக்கிறதல்லவா, நாம் கேபிளைச் செருகிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறோமே, அதன் பின்னால் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிப் உட்கார்ந்திருக்கும். அதுதான் பவர் சுவிட்ச். அதற்கு வாட்ச்மேன் உத்தியோகம். போனுக்கு வேண்டிய மின்சாரத்தை உள்ளே விட வேண்டும். கேபிள் நைந்துபோய் உள்கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, எந்தக் குழந்தையாவது துளைக்குள் ஊசியை விட்டாலோ, மின்சாரம் தறிகெட்டுப் பாயும், அதற்குப் பெயர் ஷார்ட். அந்த நொடியே கதவைச் சாத்த வேண்டும். சாத்திவிட்டுத் தானும் பிழைத்திருக்க வேண்டும். இந்த வாட்ச்மேன்களில் சில கதவைத் திறந்துவைத்தபடியே செத்துப்போகும். பெட்டி பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். அடுத்த ஷார்ட் வரும்போது தடுக்க ஆள் இருக்காது, பிளாஸ்டிக் உருகும்.

இந்த வாட்ச்மேன்களை மிரட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. அடுப்பு போன்ற பெட்டிக்குள் வைத்து வேகவைப்பாள். தாங்கும் அளவுக்கும் மேலே சுமை ஏற்றுவாள். ஷார்ட் செய்து, விட்டு, மறுபடி ஷார்ட் செய்வாள். சிப்பின் முதுகில் விரல் வைத்துப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அந்த விரல் நுனி சற்றுக் காய்த்துப் போயிருக்கும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சோதனையில் ஷார்ட் செய்யும் கைப்பிடியை இழுப்பவர் பரிசோதகர் அல்ல, பெட்டியைச் செய்தவர். பவர் சப்ளையிலிருந்து பெட்டிக்கு எவ்வளவு நீள ஒயர் என்பதையும் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லாம் கேமராவில் பதிவாகும். உங்கள் ஆள் தப்பாகச் செய்துவிட்டார் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அவள் சேர்வதற்கு முன்பிருந்தே இருந்தது. நேர்முகத் தேர்வன்று அதைக் கேள்விப்பட்டவுடன் சம்பளம் என்னவென்றுகூடக் கேட்காமல் சேர்ந்துவிட்டாள்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அத்தானின் பழைய பட்டறைக்குப் போக வேண்டும்.

அத்தானும் அவளும் ஒரே படிப்பு. அவர் சில வருடம் மூத்தவர், அவ்வளவுதான். அவர் சொந்தமாக சார்ஜிங் பெட்டி செய்யும் கம்பெனி ஆரம்பித்தபோது, வெளியில் யாரையோ வைப்பதற்கு நம் வீட்டுப் பெண்ணே இருக்கட்டும் என்று அவளைச் சோதனைப் பிரிவில் சேர்த்துக்கொண்டார். முதல் பெரிய ஆர்டர் பஸ் கம்பெனியுடையது. பஸ்ஸில் பவர் சப்ளை ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும், கடைசி இருக்கை எங்கோ இருக்கும், நடுவில் பஸ் நீளத்துக்கு ஒயர் ஓடும். ஆகவே அவள் அவ்வளவு நீள ஒயரை எடுத்துப் பெட்டியில் மாட்டி ஷார்ட் செய்தாள். பட்டென்று செத்தது. இன்னொன்றை மாட்டினாள். அதுவும் செத்தது.

காரணம் அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நீள ஒயரில் வேகமாக ஓடிவரும் மின்சாரம், கதவைச் சாத்தினால் உடனே நிற்காது. ஓடிவந்த கூட்டம் மூடிய கதவில் மோதுகிற மாதிரி வந்து மோதும். அந்த மோதலில் வாட்ச்மேன் காலி. கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டரை வைத்துவிட்டால் போதும். மோதுவதையெல்லாம் அது தொட்டி மாதிரி வாங்கிக்கொள்ளும். அதை அவள் சொன்னாள். சொன்ன நேரம்தான் சரியில்லை. பஸ் கம்பெனிக்காரர்கள் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்து நின்றுகொண்டிருந்த நேரம்.

அத்தான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். சிரித்தார். கட்டிங் பிளேயரை எடுத்தார், அவள் மாட்டியிருந்த ஒயரை ஒரு சாண் விட்டு நறுக்கினார், புதுப் பெட்டியில் மாட்டி ஷார்ட் செய்தார். பெட்டி பிழைத்தது. "சர்க்யூட்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். எங்க பொண்ணு துணி காயப்போடற கொடி அளவுக்கு ஒயர் மாட்டியிருக்கு" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். வெட்டிப்போட்ட மிச்ச ஒயரைச் சுருட்டி அவள் கழுத்தில் போட்டார். பட்டறையில் வேலை செய்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். பழுப்பு நிற ரப்பர் உறை போட்ட கனமான ஒயர். அந்தக் கனம் இன்றைக்கும் அவள் கழுத்தில் இருக்கிறது.

பெட்டிகள் பஸ்ஸில் ஏறின. சில மாதங்களில் ஒவ்வொன்றாக உருக ஆரம்பித்தன. யாரோ ஒரு பெண்ணின் கைப்பை பொசுங்கியது. பஸ் கம்பெனி வந்து சட்டையைப் பிடிக்காத குறை. அத்தான் அவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? சோதனை செய்த பெண்ணுக்கு அனுபவம் போதாது, அவள் கண்டபடி செய்ததில் முடிவுகளெல்லாம் குழம்பிவிட்டன, அவளை அனுப்பிவிட்டோம் என்றார். அன்று காலை வரை அவளுக்கே தெரியாது அவளை அனுப்பிவிட்டார்கள் என்று. சாயங்காலம் அக்கா வீட்டில் வைத்து, உன் நல்லதுக்குத்தான் செய்தேன், உனக்கு இந்த வேலை ஒத்துவராது என்று ஆறுதல் வேறு சொன்னார். அக்கா தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான் மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு அந்த டம்ளர் மேலும் உண்டு.

இதெல்லாம் பழங்கதை. இந்த வருடம் அத்தானின் புதுப் பெட்டி பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது.

அட்டைப்பெட்டியின் மேல் கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டாள். பயணிகள் படகுக்கான பெட்டிகள். இருக்கைகளுக்கு அடியில் பதிப்பதற்காம். அவள் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே சிப் புதுசு, சர்க்யூட் பலகை புதுசு, துளை புதுசு. கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடம் மட்டும் அதே மாதிரி வெறுமையாக இருந்தது.

சொந்தக்காரர் பெட்டி வந்தால் பரிசோதகர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது கூடத்தின் விதி. மேலாளரிடம் போய், இது என் அக்கா வீட்டுக்காரருடையது என்று ஒரு வரி சொன்னால் போதும். அவள் வாயைத் திறக்கவில்லை. தப்புதான். தப்பு என்று தெரிந்தே செய்தாள், சந்தோஷமாகச் செய்தாள்.

வெப்பச் சோதனையில் அத்தானின் பெட்டி தேறியது. சுமைச் சோதனையிலும் தேறியது. மனிதர் கெட்டிக்காரர்தான், அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் நீளமான ஒயர்ச் சுருள் ஒன்றை எடுத்து வந்து, ஒரு பெட்டியில் மாட்டி ஷார்ட் செய்தாள். சின்னதாக ஒரு சத்தம். கருகிய வாசனை. ஜன்னலைத் திறக்காமல் அந்த வாசனையோடு உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். அன்றைக்கு இறங்கியது போல் அவளுக்குச் சாப்பாடு வெகுநாளாக இறங்கியதில்லை.

கடைசிச் சோதனையன்று அத்தான் வருவார். நீள ஒயரை விரித்து வைத்துவிட்டு, இழுங்கள் அத்தான் என்று அவள் சொல்வாள். அதை நினைத்துக்கொண்டே தூங்கினாள், நினைத்துக்கொண்டே எழுந்தாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. வழக்கம்போல நீள ஒயர் வந்தாச்சு, வழக்கம்போல சிரிப்பு. சாப்பிட உட்கார்ந்ததும் அத்தானே பேச்சை எடுத்தார். தம் பெட்டி அவள் வேலை செய்யும் கூடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார்.

"பாஸ் பண்ணினா எனக்கு சந்தோஷம். பண்ணலேன்னா நான் ஒண்ணும் சண்டை போட மாட்டேம்மா. இவ என் கொழுந்தியா, வேலையை விட்டு அனுப்பின கோவத்துல ஃபெயில் பண்ணிட்டான்னு மட்டும் சொல்லுவேன். அப்புறம் உன் பேச்சை யார் நம்புவா, சொல்லு பாப்போம்" என்றார், கறிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே.

அவளுக்கு வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றது. அவள் ஆசை ஆசையாகத் தோண்டிய குழியில் அவளையே உட்கார வைத்துவிட்டார். உண்மையான சோதனையை அவள் செய்தால் அது வஞ்சம் என்று ஆகிவிடும். மறுபடியும் அவள்தான் தப்பு, மறுபடியும் அவர்தான் பாவம்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் எழுந்தாள். வீட்டுக் கூடத்தில் சோபாவின் பக்கவாட்டில் அத்தான் கம்பெனிப் பெட்டி ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. அதன் பவர் சப்ளை வாசல் பக்கம் செருப்பு அலமாரிக்கு மேலே. அங்கிருந்து ஒயர் சுவர் ஓரமாக மூன்று மூலை திரும்பி, தரைவிரிப்புக்கு அடியில் புகுந்து சோபாவுக்கு வருகிறது. பஸ்ஸுக்குக் குறைந்த நீளம் இல்லை. அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள், அதன் கால்களைக் கொஞ்சம் அகட்டினாள், துளைக்குள் விட்டு அழுத்தினாள்.

எதுவும் ஆகவில்லை. பெட்டியின் விளக்கு அணைந்தது. ஊசியை எடுத்ததும் மறுபடி எரிந்தது. வாட்ச்மேன் கதவைச் சாத்திவிட்டுப் பத்திரமாக இருந்தான்.

அத்தான் சாப்பாட்டு மேஜையிலிருந்தே சிரித்தார். "பாத்தீங்களா எல்லாரும்? ஊசியை விட்டு நோண்டினாலும் நம்ம பெட்டி சாகாது" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பட்டறையில் கேட்ட அதே கைதட்டல்.

அவள் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போய்ச் சிங்க்கின் முன் நின்றாள். அழுகை வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. ஒன்று உறுத்தியது. அந்தப் பெட்டி செத்திருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் இதைவிட நல்ல சிப் போட்ட பெட்டியே செத்தது. இன்னொன்றும் உறுத்தியது. அவள் துளைக்குள் ஊசியை விடும்போது, தம் பெட்டியைத் தாமே செய்தவர், தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. சோதனைக்கு வரும் எந்த ஆளும் அப்படி இருந்து அவள் பார்த்ததில்லை. கைப்பிடியை இழுக்கும் நொடியில் எப்பேர்ப்பட்டவருக்கும் தோள் சற்றுக் குறுகும். அத்தானுக்குக் குறுகவில்லை. அது சாகாது என்று அவருக்குத் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு அத்தான் உள்ளறையில் படுத்தார். அவள் கணவர் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். அவள் அக்காவிடம் சின்ன ஸ்குரூ டிரைவர் கேட்டாள். அக்கா எதற்கென்று கேட்காமல் தையல் மெஷின் டிராயரிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். இருவரும் சோபாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். நான்கு திருகு. மூடி கழன்றது.

உள்ளே சிப்புக்குப் பக்கத்தில், இருக்க வேண்டிய அதே இடத்தில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கெப்பாசிட்டர் நின்றது. ஃபேக்டரியில் வைத்தது இல்லை. கையால் பற்றவைத்தது. அடியில் ஆடாமல் இருக்க விட்ட பசை மஞ்சளடித்துப் போயிருந்தது.

"இது எப்ப வச்சது?" என்று கேட்டாள்.

அக்கா யோசிக்கவே இல்லை. "நீ வேலையை விட்டு வந்தியே, அதுக்கு மறுவாரம். புள்ளைங்க இந்த சோபாலதான் உக்காரும்னு சொல்லி, அவரே உக்காந்து பத்தவச்சாரு. யாரும் இதைத் தொடக் கூடாதுன்னாரு" என்றாள்.

மறுவாரம். அவளுக்கு அந்த ஒரு சொல் போதும். அந்த மனிதர் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறார், நம்பியிருக்கிறார், தன் வீட்டுக்கு மட்டும் செய்துகொண்டிருக்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள் எக்கேடோ கெடட்டும். ஒரு கெப்பாசிட்டரை வரைபடத்தில் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. சேர்த்தால் பட்டறையில் இருப்பவர்கள் ஏன் சார் என்று கேட்பார்கள். அன்றைக்குக் கைதட்டியவர்கள்தான் கேட்பார்கள். அவள் சொன்னது சரி என்று சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்லாமல் இருப்பதற்காக இத்தனை வருடம் பெட்டி பெட்டியாக உருகவிட்டிருக்கிறார், அவளை நீள ஒயர் என்று அழைத்துக்கொண்டே.

அவள் அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சின்னக் குரலில், ஒயர், கூட்டம், கதவு, தொட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கழுத்தில் ஒயரைப் போட்டதையும் சொன்னாள். அது அக்காவுக்கு அதுவரை தெரியாது. வீட்டில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அத்தான் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் சொல்வாராம்.

அக்கா எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று இவள் நினைத்தாள். திரும்பி வந்தபோது கையில் நகவெட்டி இருந்தது. கெப்பாசிட்டரின் ஒரு காலை வெட்டினாள், மற்றொரு காலை வெட்டினாள், பசையிலிருந்து பிடுங்கித் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அக்கா, இது இல்லாம இந்தப் பெட்டி..."

"இருக்கட்டும். ஊருக்கு வித்தது எதுவோ அதுவே நம்ம வீட்லயும் இருக்கட்டும்" என்றாள் அக்கா. மூடியை வைத்துத் திருகுகளை அவளே முடுக்கினாள்.

திங்கட்கிழமை அவள் மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அத்தானின் கையில் இருந்த ஆயுதமே அந்த உறவுதான், அதை அவர் எடுப்பதற்குள் இவள் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். மேலாளர் கத்தவில்லை, பாராட்டவும் இல்லை. இத்தனை நாள் மறைத்ததற்கு அவளை ஷார்ட் பெஞ்சிலிருந்து எடுத்து, பிளக்கைச் செருகிச் செருகி எடுக்கும் மெஷினுக்கு மாற்றினார். அந்த மெஷின் நாள் முழுக்க டக் டக் என்று அதே வேலையைச் செய்யும், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொலைகாரி அக்காவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று இழுங்கள் அத்தான் என்று சொல்லும் பாக்கியமும் போயிற்று. ஆனால் ஒன்றே ஒன்று கேட்டாள். கடைசிச் சோதனைக்குப் படகுக் கம்பெனியிலிருந்து யாரையாவது கூப்பிட முடியுமா? வாங்குகிறவர் வந்து பார்ப்பது எப்போதும் உள்ளதுதானே என்றார் மேலாளர்.

அத்தானின் பெட்டி, மூக்குக்கண்ணாடி போட்ட இன்னொரு பரிசோதகரான கண்ணாடிக்காரரின் கைக்குப் போனது. அவர் அவளுக்கு நண்பரும் இல்லை, பகையும் இல்லை. டீ குடிக்கும்போதுகூடப் பேசாதவர். விதி என்ன சொல்கிறதோ அதைத் தவிர ஒரு மயிரிழைகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போக மாட்டார்.

சோதனையன்று அத்தான் தேய்த்த சட்டையில் வந்தார். பெஞ்சில் அவள் இல்லாததைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். படகுக் கம்பெனியின் எலக்ட்ரீஷியன், கையில் சாப்பாட்டுப் பையோடு, ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேமரா ஓடியது. ஒயர் எவ்வளவு என்று கண்ணாடிக்காரர் கேட்டார். ஒரு சாண் என்றார் அத்தான்.

"எங்க படகுல ஒரு சாண் வராதே சார். சப்ளை ஓட்டறவர் கேபின்ல இருக்கு. சீட் பின்னாடி வரைக்கும் இருக்கு" என்றார் எலக்ட்ரீஷியன். குற்றம் சாட்டவில்லை, தகவல்தான் சொன்னார்.

கண்ணாடிக்காரர் படகு எவ்வளவு நீளம் என்று கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார், மூலையிலிருந்து பெரிய ஒயர்ச் சுருளைத் தூக்கிவந்து தரையில் வளைத்து வளைத்து விரித்தார். முனையைப் பெட்டியில் மாட்டினார். கைப்பிடியைக் காட்டினார்.

அத்தான் கைப்பிடியைப் பிடித்தார். இழுக்கவில்லை. தலையைத் திருப்பியபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் செருகும் மெஷினின் பக்கத்தில் கொழுந்தியா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, முறைக்கவில்லை. பையிலிருந்து ஒரு கெப்பாசிட்டரை எடுத்துத் தடுப்பின் விளிம்பில் நிற்க வைத்தாள். அடியில் மஞ்சள் பசை ஒட்டியிருந்தது. தாம் பற்றவைத்ததை எந்த மனிதருக்கும் அடையாளம் தெரியும்.

அவருடைய தோள் குறுகியது. அவள் அதைப் பார்த்தாள். அதைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை தட்டுகளைத் தேய்த்தாள்.

இழுத்தால் பெட்டி எல்லோர் முன்னாலும் சாகும், கருகிய வாசனை வரும். இழுக்காவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். அத்தான் கைப்பிடியை விட்டார்.

"நீள ஒயர்ல இது தாங்காது" என்றார்.

"சத்தமா சொல்லுங்க சார், பதிவாகல" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்கு இதில் ஒரு விருப்பு வெறுப்பும் இல்லை, விதி அப்படி.

அத்தான் இரண்டாவது தடவை சொன்னார். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. தெரிந்தேவா கொண்டுவந்தீர்கள் என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். அத்தான் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். எலக்ட்ரீஷியன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுநாளே படகுக் கம்பெனி வேறு ஆளைத் தேடிக்கொண்டது.

அத்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. பாவமாக இல்லையா என்று கணவர் ஒரு நாள் கேட்டார். இல்லை என்றாள். அவள் இன்னும் செருகும் மெஷினின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், டக் டக் என்று கேட்டுக்கொண்டு. அது கொஞ்சம் வருத்தம்தான். விலை கொடுத்து வாங்கியது என்று தன்னையே தேற்றிக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. அவள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள், உள்ளேயிருந்து குரல் எதுவும் வருவதில்லை. சோபாவின் பக்கவாட்டுப் பெட்டி கெப்பாசிட்டர் இல்லாமல் அப்படியே இருக்கிறது. அத்தான் அதைச் சரிசெய்ய ஒருமுறை சால்டரிங் அயர்னை எடுத்தாராம். அதைத் தொட்டால், எதற்காகத் தொடுகிறீர்கள் என்று பிள்ளைகளிடம் நானே சொல்லுவேன் என்று அக்கா சொல்லிவிட்டாளாம். எடுத்ததை வைத்துவிட்டார். இப்போது பிள்ளைகள் யாராவது அங்கே போனைச் செருகப் போனால், உள்ளறையில் செருகு, அங்கேதான் வேகமாக ஏறும் என்று ஏதாவது சாக்குச் சொல்கிறார்.

போன வாரம் எல்லோரும் மேஜையில் இருந்தார்கள். சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் சும்மாதான் கையைத் தூக்கிக் கொண்டையைத் தொட்டாள். ஊசி லேசாக நழுவியிருந்தது. அத்தானின் கை தட்டில் அப்படியே நின்றது. கண் சோபாவின் பக்கம் போனது, பிறகு அவள் கைக்கு வந்தது, மறுபடி சோபாவுக்குப் போனது. அவள் ஊசியை உருவினாள், பல்லில் கடித்துக்கொண்டாள், கூந்தலை மெதுவாக, மிக மெதுவாக முறுக்கினாள்.

அக்கா கரண்டியால் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"நீங்க சாப்பிடுங்க. அவ கொண்டைதான் போடறா" என்றாள்.